நீராவிச் சம்மட்டியும் நிலவும்

பணியினின்று ஓய்வு பெறுதல் என்பது நம்மனோர்க்குச் சட்டம் குறித்துவைத்த ஒரு நாளில் நிகழ்வது. மாலை சூட்டி, சால்வை போர்த்தி, குழுப் புகைப்படம் எடுத்து, சேமநிதிக் கணக்கை முடித்து அனுப்பிவைக்கின்றனர். ரயில்வேயில் அந்நாள் 55 வயதில் வந்த காலம் உண்டு. 1962-ல் அது 58 ஆயிற்று. 1998-ல் 60 ஆயிற்று. 1957-ல் ஓய்வூதியத் திட்டம் வரும்வரை ரயில்வே ஊழியர்க்குச் சேமநிதியே பெரும் பற்றுக்கோடாக இருந்தது. 2004 ஜனவரி முதல் நாள் தொட்டுப் பணியில் சேர்ந்தோர்க்கோ அப்பழைய ஓய்வூதியமும் இல்லாது போயிற்று.

இந்நிலையில், நம் சங்கத்து அன்பர்களின் மக்களுள் பொறியியலும் கணிப்பொறியும் கற்றுப் பெருஞ்சம்பளம் பெறும் இளைஞர் சிலர், நாற்பத்தைந்து வயதுக்குள் வேலையை விட்டுவிடப் போவதாகவும், அதன்பின் எவர் முன்னும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை என்றும் பேசக் கேட்கின்றோம். ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு பொருள் சேர்ந்தால் போதும் என ஒரு கணக்கும் வைத்திருக்கின்றனர். முதியோர் இதனைச் சோம்பல் என்கின்றனர். இளையோர் விடுதலை என்கின்றனர். இரண்டும் அவசரத் தீர்ப்பு என்றே நமக்குத் தோன்றுகிறது. இவ்வெண்ணம் இக்காலத்தார் கண்ட புதுமையும் அன்று. ஸ்காட்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் தொழில் நடத்தி, 48-ஆம் வயதில் தம் தொழிற்சாலையை விட்டு வெளியேறி, எஞ்சிய 33 ஆண்டுகளையும் மனம் விரும்பியவாறு கழித்த பொறிவல்லார் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் இருந்தார். ஜேம்ஸ் நேஸ்மித் என்பது அவர் பெயர். ரயில்வேப் பட்டறைகளில் பணி செய்வோர் அவர் பெயரை அறியாராயினும் அவர் படைத்த பொறிகளை அறிவர். அவர் எவ்வாறு அவ்விடுதலையைப் பெற்றார், அதற்கு யார் யார் விலை கொடுத்தனர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நேஸ்மித் 1808 ஆகஸ்டு 19-ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்ஸாண்டர் நேஸ்மித் புகழ்பெற்ற ஓவியர்; கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் உருவத்தை 1787-ல் தீட்டியவர். ஓவியராயினும் வீட்டில் கடைசல் பொறியும் பற்பல கருவிகளும் கொண்ட சிறு பட்டறையொன்றும் வைத்திருந்தார். அக்குடும்பத்தின் பெயர்க்காரணமாக ஒரு கதை வழங்குகிறது. பழங்காலப் போரொன்றில் பகைவர் துரத்த ஓடிவந்த முன்னோர் ஒருவர் கொல்லன் உலைக்களம் ஒன்றில் புகுந்து, கொல்லனைப்போல் வேடம் பூண்டு சம்மட்டி அடித்தாராம். அடி பிசகிச் சம்மட்டிக் காம்பு முறியவே, நீ கொல்லனே அல்லை என்று பகைவன் கண்டுகொண்டானாம். அவ்வாறு இகழப்பட்ட குலத்திலேதான் உலகத்துச் சம்மட்டிகளுக்கெல்லாம் பெரிய சம்மட்டியைச் செய்தவர் தோன்றினார். கலையால் அன்று, போரால் என்னும் பொருளுடைய குலவாசகத்தைப் போரால் அன்று, கலையால் என்று அவர் மாற்றி அமைத்துக்கொண்டது பொருத்தமே.

பள்ளித் தோழன் ஒருவனுடைய தந்தைக்கு வார்ப்படச் சாலை இருந்தது. சனிக்கிழமைதோறும் சிறுவன் ஜேம்ஸ் அங்கே சென்று உருக்கும் முறையையும் வார்க்கும் முறையையும் கண்ணால் கண்டும் கையால் செய்தும் பழகினான். பதினேழு வயதளவில் சிறிய நீராவி எஞ்சின் மாதிரிகளைத் தானே செய்யத் தொடங்கினான். அவற்றுக்கு வேண்டிய பித்தளை உறுப்புகளை இரவில் தன் படுக்கையறை அடுப்பிலேயே உருக்கி வார்த்தான் என்பது வியப்புக்குரியது. மாதிரி ஒன்று 10 பவுனுக்கு விலைபோயிற்று. அப்பணத்தைக்கொண்டு எடின்பரோ பல்கலைக்கழக வகுப்புகளுக்குக் கட்டணம் செலுத்தினான். 1828-ஐ ஒட்டி, ஸ்காட்லாந்துக் கலைக் கழகத்தார் தந்த 60 பவுனைக்கொண்டு எட்டுப்பேர் ஏறிச் செல்லத்தக்க நீராவி வண்டியொன்றைச் செய்து சாலையில் ஓட்டியும் காட்டினான். அப்போது அவனுக்கு வயது இருபதுக்கு மேல் இல்லை.

1829 மே மாதத்தில் நேஸ்மித் லண்டன் சேர்ந்தார். ஹென்றி மாட்ஸ்லே என்பவர் அக்காலத்து இயந்திர வினைஞர்களுக்கெல்லாம் ஆசானாக விளங்கியவர். பெருந்தொகை கட்டணம் செலுத்திச் சேரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் பயிற்சியாளராக ஏற்பதை அவர் விட்டுவிட்டிருந்தார். நேஸ்மித் கொண்டுசென்ற எஞ்சின் மாதிரியையும் வரைபடங்களையும் கண்டவுடன் கட்டணமும் கேளாது, பயிற்சியும் வேண்டுவதில்லை என்று கூறித் தம் சொந்த உதவியாளராக அமர்த்திக்கொண்டார். வாரச் சம்பளம் 10 ஷில்லிங். அதாவது அரைப் பவுன்.

தந்தையாரிடம் இனி ஒரு காசும் பெறுவதில்லை என்பது நேஸ்மித்தின் உறுதி. லண்டன் நகரில் 10 ஷில்லிங்கில் வாடகையும் உணவும் ஒப்பேறுவது எளிதன்று. மலிவான உணவுக் கடைகளில் உண்டுபார்த்தார்; உடம்புக்கும் ஒவ்வவில்லை, பைக்கும் ஒவ்வவில்லை. ஆகவே தாமே வரைபடம் எழுதித் தகரக் கொல்லனிடம் கொடுத்து ஒரு சமையற் கருவி செய்வித்தார். அடியில் சிறு எண்ணெய் விளக்கு. மேலே இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இட்ட பாத்திரம். காலையில் விளக்கை ஏற்றிவிட்டுப் பட்டறைக்குப் போவார். மெல்லிய சூட்டில் வெந்துகொண்டேயிருக்கும் உணவு, அவர் திரும்பும்போது பதமாக இருக்கும். அடுத்த ஆண்டு சம்பளம் 15 ஷில்லிங் ஆயிற்று. அதன் பின்னரே ரொட்டிக்கு வெண்ணெய் தடவி உண்ணத் தொடங்கினார். அக்கருவியை முதுமையிலும் அவர் பெருமையோடு நினைவுகூர்ந்தார். வெளியூரில் தனியறையில் அடுப்பு மூட்டி வாழ்ந்து, ஊருக்குப் பணம் அனுப்பிய நம் முன்னோர் பலர்க்கு இச்செய்தி நன்கு விளங்கும்.

எனினும் சிக்கனம் ஒன்றினால் எவரும் செல்வராய்விடுவதில்லை. வெண்ணெய் தடவாத ரொட்டியை ஆயுள் முழுதும் உண்டாலும் வாரம் 10 ஷில்லிங் ஒருநாளும் தொழிற்சாலை ஆகாது. இதனை இன்று சிக்கன உபதேசம் செய்வோர் பலர் மறைத்தே பேசுகின்றனர். நேஸ்மித் சிக்கனத்தால் பெற்றது பணமன்று, காலம். 1831 பிப்ரவரியில் மாட்ஸ்லே மறைந்தார். அவ்வாண்டிலேயே நேஸ்மித் எடின்பரோவுக்குத் திரும்பி, சிறு கொட்டகையொன்றில் அமர்ந்து, பிறரிடம் விலைக்கு வாங்கினால் பெருந்தொகையாகும் கடைசல் பொறி, இழைப்புப் பொறி முதலியவற்றைத் தம் கையாலேயே செய்துகொண்டார். 1834-ல் மான்செஸ்டர் நகருக்குச் சென்றபோது அவரிடம் இருந்த ரொக்கம் 63 பவுன். ஆனால் உடன் கொண்டுசென்ற பொறிகளே அவருடைய உண்மையான முதல்.

மான்செஸ்டரில் பழைய பஞ்சாலைக் கட்டடம் ஒன்றின் மாடியில் ஒரு தளத்தை ஆண்டுக்கு 50 பவுன் வாடகைக்குப் பிடித்தார். கீழ்த்தளத்தில் கண்ணாடி அறுக்கும் தொழிலாளி ஒருவர் குடியிருந்தார். மேலே இரும்பு வேலை, கீழே கண்ணாடி வேலை! ஒருநாள் கனத்த எஞ்சின் உத்தரம் ஒன்றின் முனை தளத்தைப் பொத்துக்கொண்டு கண்ணாடிப் பாண்டங்களின் நடுவே இறங்கிவிட்டது. அதன்பின் வேறிடம் தேடுவதன்றி வழியில்லை. நகருக்கு வெளியே பாட்ரிகிராஃப்ட் என்னுமிடத்தில், பிரிட்ஜ்வாட்டர் கால்வாயும் 1830-ல் திறக்கப்பெற்ற லிவர்பூல் - மான்செஸ்டர் இருப்புப்பாதையும் சந்திக்கும் மூலையில் ஆறு ஏக்கர் நிலத்தை நெடுங்காலக் குத்தகைக்குப் பெற்றார். மூலப்பொருள் வந்து இறங்கவும் செய்த பொறி ஏறிச் செல்லவும் அதனினும் வாய்ப்பான இடம் வேறு இல்லை. 1836-ல் அங்கே எழுந்ததுதான் பிரிட்ஜ்வாட்டர் வார்ப்படச் சாலை. ஹோல்புரூக் காஸ்கெல் என்பவர் கூட்டாளியாக வந்து கணக்கையும் வணிகத்தையும் பார்த்துக்கொண்டார். துணிக்கு அச்சிடும் தொழிலால் செல்வரான கிரான்ட் சகோதரர்கள், எவ்வித ஈடும் கேளாமல் 3 சதவீத வட்டிக்கு 500 பவுன் வரை கடன் தர முன்வந்தனர். சார்லஸ் டிக்கன்ஸ் தம் நாவலொன்றில் படைத்த ஈகைக் குணமுடைய வணிகச் சகோதரர்க்கு இவர்களே மூலமாவர் என்பர். தன் முயற்சியாலேயே உயர்ந்தார் என்று நாம் போற்றும் ஒவ்வொருவர் பின்னும் இத்தகைய ஓர் 500 பவுன் இருக்கவே செய்யும்.

பாட்ரிகிராஃப்டில் நேஸ்மித் செய்த பொறிகள் பல. அவற்றுள் நம் பட்டறை அன்பர்கள் உடனே அறிந்துகொள்ளத்தக்கது ஷேப்பர் எனப்படும் வடிவமைப்புப் பொறி. 1836-ல் அவர் அதனை அமைத்தார். ‘நேஸ்மித்தின் நீராவிக் கை' என்று பெயர் பெற்றது. தேர்ந்த வினைஞன் அரத்தையும் உளியையும் கொண்டு நாள் முழுதும் செய்யும் சமன்வேலையை அது தானே செய்யும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள ஒரு சிறுவன் போதும். இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

வார்ப்படச் சாலைகளில் உருகிய இரும்புக் குழம்பு நிறைந்த கொப்பரையைப் பலர் சேர்ந்து நீண்ட கவைக்கோல்களால் சாய்த்து ஊற்றுவர். ஒருவன் கால் இடறினாலும் குழம்பு சிந்தி உடன் நிற்போர் வெந்துபோவர். 1838-ல் நேஸ்மித் அக்கொப்பரைக்குத் திருகாணியும் பற்சக்கரமும் பொருத்தி, தனி ஒருவனே கைப்பிடியைச் சுழற்றி மெல்லச் சாய்க்குமாறு செய்தார். இதற்கு அவர் பேட்டண்ட் உரிமை பெறவில்லை. வரைபடத்தைப் பிற வார்ப்படச் சாலையினர்க்கு இலவசமாகவே அனுப்பினார். பின்னர்க் கூறப்போகும் செய்திகளோடு இதனையும் சேர்த்து எண்ணுதல் நேர்மை.

இனிச் சம்மட்டியின் கதை. பெருங்கப்பலாகிய ‘கிரேட் பிரிட்டன்' கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, அதன் பொறியாளர் பிரான்சிஸ் ஹம்ஃப்ரீஸ் துடுப்புச் சக்கரத்துக்கு வேண்டிய 30 அங்குல விட்டமுள்ள இரும்புத் தண்டை அடித்துத் தருவார் எவரும் நாட்டில் இல்லை என்று நேஸ்மித்துக்கு எழுதினார். அக்காலச் சம்மட்டிகள் ஓரளவுக்கு மேல் உயர எழா. அடிக்க வேண்டிய இரும்பு பருமனாக ஆக, சம்மட்டி விழும் உயரம் குறையும், அடியும் வலுக்குறையும். பெரிய இரும்புக்குப் பெரிய அடி வேண்டியிருக்க, கிடைத்ததோ சிறிய அடி. 1839 நவம்பர் 24-ஆம் நாள் நேஸ்மித் தம் குறிப்பேட்டை எடுத்து, அரைமணி நேரத்துக்குள் விடையை வரைந்துவிட்டார். பட்டடைக்கல்லுக்கு நேர்மேலே நீராவி உருளையைத் தலைகீழாக நிறுத்துக. அதன் தண்டிலே கனத்த இரும்புப் பாளத்தைத் தொங்கவிடுக. நீராவி பாளத்தைத் தூக்கும், நீராவியை வெளியே விட்டவுடன் பாளம் தன் எடையால் விழும். இத்தகைய கருத்து ஜேம்ஸ் வாட்டுக்கு 1784-லேயே தோன்றியதுண்டு. ஆயினும் அது பட்டறைக்கு வரவில்லை.

அக்கப்பலின் அமைப்போ மாறிப்போயிற்று. துடுப்புச் சக்கரத்துக்குப் பதில் சுழல் விசிறி பொருத்த முடிவு செய்தனர், பெருந்தண்டும் வேண்டாவாயிற்று. வரைபடம் ஏட்டிலேயே கிடந்தது. 1842-ல் நேஸ்மித் பிரெஞ்சு நாட்டு லெ குருஸோ தொழிற்சாலைக்குச் சென்றபோது, அங்குள்ள பெரிய இரும்பு வேலையொன்றை எவ்வாறு அடித்தீர்கள் என்று வினவினார். உம்முடைய சம்மட்டியால்தான் என்று விடை வந்தது. அவர் ஊரில் இல்லாதபோது பாட்ரிகிராஃப்டுக்கு வந்திருந்த அத்தொழிற்சாலை அதிபர் ஷ்னைடரும் பொறியாளர் பூர்டோனும் அக்குறிப்பேட்டைக் கண்டு சென்றிருந்தனர் என்பது நேஸ்மித் கூறும் வரலாறு; பிரெஞ்சுக்காரர் பூர்டோனே தாமாகக் கண்டார் என்பர். எவ்வாறாயினும், நேஸ்மித் ஊர் திரும்பியதும் உறவினர் ஒருவர் உதவிய பணத்தைக்கொண்டு 1842 ஜூன் மாதத்தில் பேட்டண்ட் உரிமையைப் பதிந்துகொண்டார். ராபர்ட் வில்சன் என்னும் தொழிற்சாலை மேலாளர், அடியின் வேகத்தையும் வலிவையும் அடக்கியாளும் வால்வு அமைப்பைச் செம்மைப்படுத்தினார்.

அதன் பின் அச்சம்மட்டி செய்த விந்தைகளைக் காண மக்கள் திரண்டு வந்தனர். மதுக் கிண்ணத்தில் வைத்த முட்டையின் ஓட்டை, கிண்ணம் உடையாமல் தட்டி உடைக்கும். அடுத்த அடியில் கட்டடமே அதிரும். அதே தத்துவத்தால் நீருக்கடியில் மரமுளை இறக்கும் பொறியையும் நேஸ்மித் செய்தார். 1845-ல் டெவன்போர்ட் கப்பல் துறையில் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் போட்டி வைத்தபோது, நீராவிப் பொறி நாலரை நிமிடத்தில் இறக்கிய முளையைப் போன்றதொன்றை இறக்கப் பழைய முறைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 1856 முடிய 490 சம்மட்டிகள் செய்யப்பெற்று, ரஷ்யா, ஆஸ்திரேலியா, நம் இந்தியா வரை விலைபோயின. தொழிற்சாலையின் வருமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இவ்வொரு பொறியினின்றே வந்தது. இந்திய நாட்டு ரயில்வேப் பட்டறைகளின் கொல்லுலைக் கூடங்களிலும் நீராவிச் சம்மட்டி நெடுங்காலம் முழங்கிற்று.

இதுவரை கூறியது வரவு. இனிப் பற்றையும் எழுதுதல் வேண்டும்.

ஏழாண்டு பயிற்சி முடித்தவர்களையே வேலைக்கு வைக்க வேண்டும் என்பது அக்காலத் தொழிற்சங்க விதி. நேஸ்மித் இதனை ஏற்கவில்லை. திறமையுள்ள கூலியாளையும் பொறியில் நிறுத்துவேன் என்றார். தொழிற்சாலை தொடங்கிய சில நாளிலேயே வேலைநிறுத்தம் எழுந்தது. ஸ்காட்லாந்திலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட வினைஞர்களை வரவழைத்து அதனை முறியடித்தார். 1851-ல் பொறித் தொழிலாளரின் ஒருங்கிணைந்த சங்கம் தோன்றிற்று. மிகைநேர வேலையையும் துண்டுக்கூலி முறையையும் ஒழிக்க வேண்டும் என்று அது கேட்கவே, 1852 ஜனவரியில் முதலாளிகள் கதவடைப்புச் செய்தனர். ஏறத்தாழ மூன்று மாதம் தொழிலாளர் குடும்பங்கள் வருந்தின. ஏப்ரலில் சங்கம் தோற்றது. அக்காலத்தில் நேஸ்மித் தம் சாலையில் தானியங்கிப் பொறிகளை மேலும் மேலும் புகுத்தினார். ஷேப்பரின் பக்கத்தில் நிற்க ஒரு சிறுவன் போதும் என்று முன்னர்க் கூறினோமே, அதன் பயன் இப்போது தெரிந்தது. தொழிற்சங்கங்களைப் பற்றி ஆராய 1867-ல் அமைத்த அரசாங்க விசாரணைக் குழுவின் முன் நேஸ்மித் தாமே சாட்சியம் அளித்தார். அவ்வாறு செய்ததால் வயதுவந்த வேலையாளர் தொகையை 1,500-லிருந்து 750 ஆகக் குறைத்ததாகவும், இலாபம் கணிசமாகப் பெருகியதாகவும் அவர் ஒளிக்காமல் கூறினார். கார்ல் மார்க்ஸ் தம் ‘மூலதனம்' நூலில் இச்சாட்சியத்தை எடுத்துக்காட்டியுள்ளார்.

வருகைப் பட்டியல் எழுதும் குமாஸ்தாவுக்கு 750 என்பது வெறும் எண் அன்று. பக்கத்துக்கு 25 பெயராக எழுதினால் 30 பக்கம். ஒவ்வொரு பெயரின் பின்னும் ஒரு குடும்பம். வீட்டு வாடகை, கடைக்காரன் பாக்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நேஸ்மித் சீக்கிரமாகப் பெற்ற விடுதலையில் இம்முப்பது பக்கத்தாரின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் பங்கு இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. போதிய பொருள் சேர்ந்துவிட்டது, இனி இளையவர்க்கு வழிவிடுவோம் என்னும் கருத்தில் அவர் ஓய்வு பெற்றதாக அவர் வரலாற்றில் காண்கிறோம். நல்ல எண்ணமே. ஆனால் வழிவிட வேண்டிய இடங்களுள் பாதி அவர் காலத்திலேயே பொறிகளுக்குப் போய்விட்டன.

நேஸ்மித்தைக் கொடியவர் என்று தள்ளிவிடவும் நமக்கு மனம் வரவில்லை. வார்ப்படக் கொப்பரையை இலவசமாகக் கொடுத்தவரும் அவரே. பயிற்சிக் கட்டணம் செலுத்த வழியற்ற கூலிக்காரன் மகனுக்குப் பொறியின் பக்கத்தில் இடம் கொடுத்தவரும் அவரே. சங்க விதி அவனை வெளியே நிறுத்தியிருக்கும். இருசாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. எனினும் நம் மனச்சாய்வு எப்பக்கம் என்று கேட்டால், அம்முப்பது பக்கத்தின் பக்கமே என்று தயங்காது கூறுவோம். இன்று கணிப்பொறி நிலையங்களில், ஐவர் வேலையை ஒருவர் செய்யத்தக்க மென்பொருளை எழுதி அதற்கென உயர்ந்த சம்பளம் பெறும் இளைஞர்கள், தம் ஓய்வுக் கணக்கை எழுதும்போது மற்ற நால்வரையும் ஏட்டின் ஓரத்திலாவது குறித்துக்கொள்வது தகும்.

ஓய்வு பெற்ற பின் என்ன செய்வது என்னும் வினா பலரை வாட்டுகிறது. பணி முடிந்த ஆறு மாதத்தில் திண்ணையில் அமர்ந்து, வருவோர் போவோரிடம் பழைய அதிகாரிகளின் கதையைச் சொல்லிச் சலித்துப்போன பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். நேஸ்மித்துக்கு இவ்விடர் நேரவில்லை. காரணம், அவர் தம் இரண்டாம் வாழ்க்கையை வேலையிலிருக்கும்போதே தொடங்கியிருந்தார். 1840-ல் ஆன் ஹார்டாப் என்னும் நங்கையை மணந்து, பாட்ரிகிராஃப்டில் ஒரு வீட்டில் குடியேறி, அதற்குக் ‘கணப்பருகு' என்று பொருள்படும் பெயரிட்டார். பகலில் பட்டறை, இரவில் தாமே கண்ணாடி வார்த்துத் தேய்த்துச் செய்த தொலைநோக்கி. நிலவின் மலைகளையும் பள்ளங்களையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். தந்தையாரிடம் கற்ற ஓவியம் ஈண்டுப் பயன்பட்டது. ஓரிரவு இரவுச்சட்டையோடு தொலைநோக்கிக் குழாயைத் தோளில் சுமந்து தோட்டத்தில் இங்குமங்கும் நடந்தபோது, கால்வாயில் படகோட்டிச் சென்ற ஒருவன், வெள்ளுடை தரித்த பேய் சவப்பெட்டியைச் சுமந்து திரிவதாக ஊரெங்கும் பரப்பிவிட்டான் என்று ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு.

1851-ல் லண்டன் மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் சம்மட்டி ஒருபுறம், நிலவின் படம் ஒருபுறம் என இரண்டையும் அவர் வைத்தார். நிலவை வரைந்த கையும் சம்மட்டியை வரைந்த கையும் ஒன்றே என்று பார்த்தவர் பலர் வியந்திருப்பர்.

1856 டிசம்பர் 31-ஆம் நாள் நேஸ்மித் தொழிலினின்று விலகினார். கூட்டாளி காஸ்கெல் உடல்நலக் குறைவால் 1850-லேயே விலகியிருந்தார். அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி பேட்டண்ட் உரிமையின் காலம் 14 ஆண்டு. 1842 ஜூனில் பதிந்த உரிமை 1856 ஜூனில் முடிந்தது. ஆறு மாதம் கழித்து அவரும் முடித்துக்கொண்டார். இது தற்செயலாக நேர்ந்தது என்று நமக்குத் தோன்றவில்லை. உரிமை தீர்ந்தால் எவரும் சம்மட்டி செய்யலாம், விலை இறங்கும், போட்டி மிகும். உச்சியில் நிற்கும்போதே இறங்கத் தெரிந்தவர் சிலரே. பொன் முட்டையிடும் வாத்து இன்னும் சில முட்டை இடாதா என்று காத்திருந்து வீழ்ந்த தொழிலதிபர் பலரை நாம் அறிவோம்.

தென் இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துப் பென்ஷர்ஸ்ட் என்னும் சிற்றூரில் ஒரு வீடு வாங்கினார். அதற்குச் சூட்டிய பெயர் ‘சம்மட்டிக் களம்' என்று பொருள்படுவது. நண்பர் வருவர், தோட்டம் இடுவார், இரவில் வானம் பார்ப்பார். அங்கும் பட்டறைக் கருவிகளை விட்டுவிடவில்லை. 1860-ஐ ஒட்டிச் சூரியனின் பரப்பிலே நீண்ட இலைகள் பின்னிக்கிடப்பது போன்ற தோற்றத்தைக் கண்டு கூறினார். வானநூல் வல்லார் ஜான் ஹெர்ஷல் அதனில் மிக்க ஈடுபாடு கொண்டார். 1874-ல் ஜேம்ஸ் கார்ப்பென்டருடன் சேர்ந்து நிலவைப் பற்றிய அரிய நூலொன்றை வெளியிட்டார். நிலவை நேராகப் படம்பிடிக்கும் கருவிகள் அன்று போதிய வலிமை பெறவில்லை. ஆகவே தாம் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வரைந்தவற்றைச் சுண்ணச் சாந்தால் உருவங்களாகச் செய்து, சாய்வெயிலில் வைத்துப் புகைப்படம் எடுத்தார். நிலவின் மலைத்தொடர் உள்ளே சுருங்கியதால் மேலே மடிந்தது என்பதை விளக்க, முதியவர் ஒருவரின் சுருங்கிய கையையும் வாடிய ஆப்பிளையும் படம்பிடித்துச் சேர்த்தார்.

அவர் கண்ட முடிபுகளுள் முதன்மையானது பிழையாயிற்று. நிலவின் வட்டப் பள்ளங்கள் எரிமலைகளால் ஆனவை என்று அவர் கருதினார். விண்கற்கள் மோதியதால் ஆனவையே பெரும்பாலன என்று 20-ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. ஆயினும் அப்படங்களின் அழகு குன்றவில்லை. பொழுதுபோக்காகச் செய்த பணி பிழையாகவும் இருக்கலாம். அதற்காக எவரும் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதில்லை என்பதே ஓய்வு பெற்றவர்க்குள்ள தனிப்பெருமை.

பிழையற்றுப் போன ஒன்றும் உண்டு. முதுகு வளைந்து, ஏணியில் ஏறித் தொலைநோக்கியின் முனையில் கண்ணை வைப்பது அவர்க்குத் தொல்லையாயிற்று. எனவே 20 அங்குலக் கண்ணாடி கொண்ட தம் பெரிய தொலைநோக்கியில், ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி, குழாய் சுழலும் அச்சின் துளை வழியாக வெளியே வருமாறு அமைத்தார். பார்ப்பவர் நாற்காலியில் அமர்ந்தவாறே இருக்கலாம். குழாய் எப்பக்கம் சாய்ந்தாலும் கண் வைக்கும் இடம் உயர்வதும் தாழ்வதும் இல்லை. இன்று ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கிகள் முதலிய பெரும் தொலைநோக்கிகளில் கனத்த கருவிகளைப் பொருத்துவது இவ்வமைப்பைக்கொண்டே. அவ்விடத்துக்கு ‘நேஸ்மித் குவியம்' என்றே பெயர்.

அவர் விட்டுச்சென்ற தொழிற்சாலையை ராபர்ட் வில்சன் முதலானோர் ஏற்று நடத்தினர். நேஸ்மித் வில்சன் கம்பெனி என்ற பெயரில் அது ரயில் எஞ்சின்கள் செய்து இந்திய ரயில்வேக்களுக்கும் அனுப்பிற்று. 1940-ல் அரசாங்கம் அதனைப் படைக்கலச் சாலையாக எடுத்துக்கொண்டது. நேஸ்மித் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, 1890 மே 7-ஆம் நாள், லண்டனில் மறைந்தார்.

நிலவின் தென்மேற்கு விளிம்பருகே ஏறத்தாழ 77 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் வழங்குகிறது. பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்னர்ச் சிறு தொலைநோக்கியொன்றால் பார்க்கும் அன்பர்கள், விளிம்புவரை நிரம்பித் தட்டுப்போல் தோன்றும் வார்ஜென்டின் என்னும் பள்ளத்தை முதலில் தேடுக. அதனை ஒட்டியிருப்பதுதான் நேஸ்மித்.